பழைய தாச்சி வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

கறள் பிடித்த தாச்சியைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் வேண்டாம் என்று வைத்துவிட்டு வராதீர்கள். மேலே படிந்த செங்கறளை ஒரு பின்னேரத்தில் எடுத்துவிடலாம். எடுக்கவே முடியாதவை மூன்று: வெடிப்பு, கோணல், காரீயம் (lead). புறக்கோட்டையிலோ பஞ்சிகாவத்தையிலோ பழைய சாமான் குவியலுக்கு முன்னால் குந்தியிருக்கும்போது இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

வெடிப்பைக் காதால் கண்டுபிடிக்கலாம். வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைக் கைபிடியில் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்து அடங்கினால் நல்ல கல். ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ மயிரிழை வெடிப்பு இருக்கிறது. ‘வெல்டிங் பண்ணினால் சரி’ என்று யாவாரி சொல்வார், நம்ப வேண்டாம். வார்ப்பிரும்பில் காபன் கூட இருப்பதால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பவும் வெடிக்கும். தகட்டில் அடித்த தாச்சியில் இந்தப் பயம் குறைவு. அதில் கைபிடி ஆணிகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள்.

கோணலுக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். அப்பத்தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிச் சுழற்றினால் தண்ணீர் நடுவில் வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கினால் அப்பத்தின் மாவும் அப்படித்தான் ஒதுங்கும்.

காரீயம்தான் ஆபத்தானது. தூண்டிலுக்கும் வலைக்கும் குண்டு வார்க்கப் பழைய இரும்புச் சட்டியில் காரீயம் உருக்குவது உண்டு. உள்ளே சாம்பல் நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஒட்டியிருப்பதை நகத்தால் கீறிப் பாருங்கள். மென்மையாக இருந்து, கீறிய இடம் வெள்ளியாய் மின்னினால் அந்தச் சட்டி சமையலுக்கு உதவாது. எரித்துப் போக்கலாம் என்று முயல்வது அதைவிட மோசம். காரீயப் புகை நேரே நெஞ்சுக்குள் போகும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் எடுக்க வேண்டியது கறளை அல்ல, பழைய எண்ணெய்ப் பிசினை. பிசினுக்கு அடியில் வினாகிரி இறங்காது. பிளாஸ்டிக் வாளியில் 10 லீட்டர் தண்ணீருக்கு 250 கிராம் கோஸ்டிக் சோடா. தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். றப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மரக்கைபிடியைக் கழற்றிவிட்டு இரும்பை இரண்டு மூன்று நாள் ஊறவிட்டால் பிசின் தோலுரிந்து வரும். அலுமினியத்தை மட்டும் அந்த வாளிக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்: ஐதரசன் வாயு கிளம்பி, பாத்திரம் கரையும்.

சிலர் இதற்குப் பதிலாக விறகு நெருப்பில் போட்டுச் சுடுவார்கள். பிசின் போகும்தான். ஆனால் செக்கச் சிவக்கச் சூடேறிய வார்ப்பிரும்பு கோணும். மேற்பரப்பு செந்நிறமாகிவிட்டால் அதன்பின் எண்ணெய் பிடிக்காது.

அடுத்தது கறள். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, எடுத்துக் கம்பி நாரால் உரஞ்சுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு அரை மணித்தியாலம். இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்கினால், கறள் தீர்ந்த பிறகு அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கி, காலையில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் தெரியும். கழுவியதும் துடைத்து உடனே அடுப்பில் ஏற்றுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் வெறும் இரும்பு சில நிமிடங்களில் செம்மஞ்சளாகும்.

பழக்குவதில், அதாவது இரும்பின் மேல் எண்ணெய்ப் படை கட்டுவதில், பலருக்குப் பிழைப்பது எண்ணெயில்தான். நம்மவர் கை தானாகத் தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். இரும்பின் மேல் வழுவழுப்பான கறுப்புப் படை உண்டாக, எண்ணெய் சூட்டில் காய்ந்து இறுக வேண்டும். அது நிறைவுறாக் கொழுப்பின் வேலை. எண்ணெயில் அந்தக் கொழுப்பு எவ்வளவு நிறைவுறாதது என்பதை அதன் அயடீன் எண் சொல்லும், எண் கூடினால் நன்றாக இறுகும்: தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய 6 முதல் 11, நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120, சூரியகாந்திக்கு அதைவிடச் சற்றுக் கூட. அதனால்தான் தேங்காயெண்ணெயில் பழக்கிய தாச்சி பிசுபிசுத்துக்கொண்டே இருக்கிறது. பொரிக்க அது அருமை, படை கட்ட ஆகாது.

நல்லெண்ணெயோ சூரியகாந்தியோ ஒரு தேக்கரண்டி விட்டு எல்லாப் பக்கமும் பூசி, பிறகு தவறிப் பூசிவிட்டதுபோல முழுவதையும் துடைத்தெடுங்கள். கண்ணுக்குத் தெரியாத படலமே போதும். தடித்தால் தேன்போல ஒட்டும். அவண் இருந்தால் கவிழ்த்து வைத்து 230 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் சுட்டு, உள்ளேயே ஆறவிடுங்கள். அவண் இல்லையென்றால் காஸ் அடுப்பில் தாச்சியைச் சரித்துச் சரித்து, ஒவ்வொரு பகுதியும் புகைந்து அடங்கும்வரை காட்டுங்கள். நாலைந்து தடவை செய்ய வேண்டும். தொடர்மாடியில் இருப்பவர்கள் யன்னல்களைத் திறந்துவிட்டுத் தொடங்குவது நல்லது, பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுமளவுக்குப் புகை வரும்.

பித்தளை வேறு கதை. வெளியே புளியும் உப்பும், இல்லாவிட்டால் தேசிக்காய்ப் பாதி; அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. தேய்த்த பிறகும் செம்புநிறத் திட்டுகள் போகாவிட்டால் அந்த இடத்தில் துத்தநாகம் அரித்துப் போயிருக்கிறது, தகடு பலவீனம். உள்ளே பூசிய ஈயம் தேய்ந்திருந்தால் புளிக்கறி, ரசம் எதுவும் வைக்க வேண்டாம். திரும்பப் பூச வேண்டும். ‘ஈயம்’ என்று பொதுவாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வேண்டியது வெள்ளீயம் (tin). விலை குறைவென்று காரீயம் கலந்த பற்றாசு (உலோகம் ஒட்டும் ‘சோல்டர்’) பூசிவிட்டால் சமையலில் இறங்கும். பூசிய இடத்தை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பென்சில் கோடுபோல விழுந்தால் காரீயம் கூட. கோடு விழாதது சுத்தத்துக்குச் சாட்சி ஆகாது, ஆகவே பூசுபவர் கையில் இருக்கும் கட்டியைப் பார்த்துக் கேளுங்கள். வெள்ளீயம் 232 பாகையில் உருகும் என்பதால் இந்தப் பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் வைக்கக் கூடாது, வறுக்கவும் கூடாது.

உள்ளே சில்லு உடைந்த எனாமல் பாத்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பூந்தொட்டிக்குத்தான்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடலோரத்தில் இருப்பவர்கள் பழக்கிய தாச்சியை மூடி போட்டு அடைத்து வைக்காதீர்கள், உள்ளே ஈரம் நிற்கும். அடுப்புச் சூட்டில் காயவைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, நடுவில் பேப்பர் வைத்து அடுக்குங்கள். கிழமையில் ஒருநாளாவது சமைக்கிற தாச்சியில் கறள் அவ்வளவாகப் பிடிப்பதில்லை.