கொல்லையில் ஒரு கண்டேலா குடை: இதுவரை நடந்த வேலை

வளைந்த கான்கிரீட் கூரையை நேரான பலகைகளைக் கொண்டே வார்க்க முடியும் என்பதை மெக்சிகோவில் நூற்றுக்கணக்கான கட்டடங்களில் செய்து காட்டியவர் ஃபெலிக்ஸ் கண்டேலா. 1910இல் மாட்ரிட்டில் பிறந்த அவர், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பில் போரிட்டு, தோல்விக்குப் பின் பிரான்சில் முகாமில் அடைபட்டு, 1939இல் மெக்சிகோவுக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தார். அவர் வேலைகளில் நான் எடுத்துக்கொண்டது 'குடை'. நடுவில் ஒரே தூண். அதிலிருந்து நான்கு பக்கமும் மேல்நோக்கி விரியும் கூரை. மழைநீர் நடுவே ஓடிவந்து தூணுக்குள் பதித்த குழாய் வழியாக இறங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் வளர்ந்த நமக்கு இந்த அமைப்பின் அருமை உடனே விளங்கும். அதைச் சிறிய அளவில், கும்பகோணத்தை அடுத்த எங்கள் வீட்டுக் கொல்லையில் வார்த்திருக்கிறேன்.

கூரை 1.2 மீட்டர் சதுரம். அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் 60 செ.மீ. சதுரமாகும், அதன் மூன்று மூலைகள் ஒரே மட்டத்தில் நிற்க, தூணைத் தொடும் நான்காம் மூலை மட்டும் 20 செ.மீ. தாழ்ந்திருக்கும். கயிற்றுக் கட்டிலின் ஒரு மூலையை மட்டும் கீழே இறக்கினால் கயிறு ஒவ்வொன்றும் நேராகவே இருக்க, பின்னல் முழுவதும் முறுகி வளையுமல்லவா, அதே வடிவம்தான். கணிதத்தில் இதற்கு ஹைப்பர்போலிக் பரபோலாய்டு என்று பெயர். விளிம்புகளில் சம இடைவெளியில் ஆணியடித்து நூல் கட்டியவுடனேயே வளைவு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

சென்ட்ரிங்குக்கு, அதாவது கலவை இறுகும்வரை தாங்கும் தற்காலிக அச்சுக்கு, மூங்கில் பிளாச்சுகளைப் பயன்படுத்தினேன். அகலமான பலகை இந்த முறுக்கில் இரு முனையிலும் ஒருசேரப் படியாது, இரண்டு செ.மீ. அகலப் பிளாச்சு இலேசாக முறுகி அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. கண்டேலாவின் ஆட்களும் நீளப் பலகைகளை இப்படித்தான் அடுக்கினார்கள். அவர் 1950இல் தொடங்கிய நிறுவனம் வரைவதோடு நிற்காமல் ஒப்பந்தம் எடுத்துக் கட்டியும் கொடுத்தது; தச்சர் கையில் எது நடக்கும், எது நடக்காது என்பதை அறிந்தே அவர் வடிவங்களை வரைந்தார் என்பது என் எண்ணம். மெக்சிகோவில் கூலி உயர்ந்தபோது இத்தகைய கூரைகள் குறைந்துபோனதற்கும் இந்தச் சென்ட்ரிங் வேலைதான் காரணம்.

பிளாச்சின் மேல் பாலிதீன் தாள், அதன்மேல் இரண்டடுக்குக் கோழிவலை, விளிம்பிலும் நடுப்பள்ளங்களிலும் 6 மி.மீ. கம்பி. வெளிவிளிம்பு இழுவிசையையும், தூணை நோக்கி இறங்கும் பள்ளங்கள் அமுக்கத்தையும் தாங்குவதால் கம்பியை அங்கேதான் சேர்க்க வேண்டும். சிமென்ட் ஒன்றுக்குச் சலித்த எம்-சாண்ட் இரண்டு என்ற கலவை. கனம் 12 மி.மீ.தான்; குறியிட்ட கம்பியைக் குத்திக் குத்திக் கனத்தைச் சரிபார்த்தேன். பார்க்க வந்த கொத்தனார், "இவ்வளவு மெல்லிசா போட்டா நிக்குமா தம்பி?" என்று கேட்டார். மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கண்டேலா 1951இல் கட்டிய அண்டக்கதிர் (விண்வெளியிலிருந்து வரும் கதிர்) ஆய்வுக்கூடத்தின் கூரை, உச்சியில் வெறும் 15 மி.மீ. கனம்தான் என்றேன். கதிர்கள் ஊடுருவ வேண்டுமென்பதற்காகவே அத்தனை மெல்லிதாக வார்த்தார்கள். கனத்தைக் கூட்டினால் சுமையும் கூடும். இங்கே பலத்தைத் தருவது வளைவே.

ஈரச்சாக்கு போர்த்தி நன்றாக ஆறவிட்ட பிறகு, சென்ட்ரிங்கை வெளிவிளிம்பிலிருந்து தூணை நோக்கிப் பிரித்தோம். உள்ளிருந்து தொடங்கினால் பாரம் விளிம்பு முட்டுகளில் ஏறி, கம்பி இல்லாத இடத்தில் விரிசல் கொடுக்கும். நான்கு பகுதிகளிலும் சமமாக மணல் மூட்டை வைத்துப் பார்த்தேன். விரிசல் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றியபோது மேற்பரப்பு முழுவதும் நடுக்குழாய்க்கு ஓடியது. வெளிப்புற மூலைகள் நான்கில் மட்டும் சரிவு ஏறக்குறைய இல்லாததால் சற்றுத் தேங்கி நின்றே வடிந்தது.

அடுத்தது அடித்தளம். எங்கள் கொல்லை களிமண். மழைக்கு ஊறிக் கோடையில் வெடிக்கும். மெக்சிகோ நகரில் கால்வாய்கள் சூழ்ந்த சொச்சிமில்கோ பகுதியின் இளகிய மண்ணில், எட்டு இதழும் சுமார் 42 மீட்டர் விட்டமும் கொண்ட லாஸ் மனந்தியாலெஸ் உணவகத்தை 1958இல் எழுப்பியபோது, கண்டேலா குடையையே கவிழ்த்தாற்போன்ற அடித்தளங்களை வைத்து, அவற்றை இரும்புக் கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைத்தார். எனக்குத் தூண் ஒன்றே என்பதால் பிணைப்பு தேவையில்லை. கவிழ்த்த குடை ஒன்று போதும். அதற்கான மண் அச்சை இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறேன்.