ஃபோமட் செய்துவிட்டுத்தான் சொன்னார்கள்

ஹட்டன் பக்கம் ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் கொடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாய் சொன்னது அவர்கள் பற்றுச்சீட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். "உள்ளே இருப்பவை வேண்டும், தயவுசெய்து ஃபோமட் செய்யாதீர்கள்" என்று நான் கல்லாவில் இருந்தவரிடமும் சொன்னேன், உள்ளே திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்த பையனிடமும் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். சீட்டில் எழுதப்பட்டது "ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை" என்பது மட்டும். மாலையில் வேலைக்கு வந்த வேறொரு பையன் சீட்டைப் படித்தான், திறக்கவைத்தான். எப்படித் திறக்கவைத்தான் என்பதுதான் இந்தக் கதை.

அந்த 1 டிபி டிஸ்க்கில் இருந்தவை கடையில் மறுபடி வாங்கக் கூடியவை அல்ல. மாசி மாதத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் நடந்த, மன்மதன் - ரதி கதையை ஆடும் காமன் கூத்துப் பதிவுகள் பல வருடங்களுக்கானவை. வாசிகசாலைக்காக வீடு வீடாகப் போய் ஸ்கேன் செய்த பழைய கடதாசிகள்: மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே போனவர்கள் எழுதிய கடிதங்கள், குடியுரிமைச் சான்றிதழ்கள், பிறப்புப் பதிவுகள், பழைய சம்பளத் துண்டுகள். சிலர் மூலப் பிரதியை எறிந்துவிட்டு, "சேரிடம் கொம்பியூட்டரில் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

டிஸ்க் ஏன் படுத்தது என்றால், மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் வந்து போவது வழக்கம். கோப்புகளை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் விளக்கு அணைந்தது. மறுபடி செருகியபோது விண்டோஸ், "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபோமட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று கேட்டது. கேள்வி மிகவும் மரியாதையாகத்தான் வருகிறது. அதற்கு ஒருபோதும் ஆம் சொல்லாதீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய்ப் பார்த்தால் என்டிஎஃப்எஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ரோ’ என்று இருந்தது. கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையை (என்டிஎஃப்எஸ் அதில் ஒரு வகை) விண்டோஸால் அடையாளம் காண முடியவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. கோப்புகள் அழிந்துவிட்டன என்று அது சொல்லவில்லை. பாடசாலையில் ஒருவர் செக்டிஸ்க் ஓட்டச் சொன்னார். ‘ரோ’ என்று காட்டும் டிஸ்க்கில் அது ஓடாது. ஓடும் நிலையில் இருந்தாலும் அது டிஸ்க்கில் எழுதித் திருத்துகிற கருவி. பதிவுகளுக்கு நகல் எடுக்கும் முன் அதைத் தொடக் கூடாது.

கடையில் டிஸ்க்கைத் திருப்பித் தந்தபோது, "இப்போது நன்றாக வேலை செய்கிறது, சேர்" என்றார்கள். உண்மைதான், வெறுமையாக நன்றாகவே வேலை செய்தது. நான் குரலை உயர்த்தியதும் கல்லாக்காரர் சீட்டைத் திருப்பி அதன் அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்த ஆங்கில வரியைக் காட்டினார்: வாடிக்கையாளரின் தரவுகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. சேவைக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார். அதைவிட எரிச்சலூட்டியது, வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்காக அந்தப் பையன் கொஞ்சம் சினிமாப் பாட்டுகளை அதில் ஏற்றிப் பார்த்திருந்தான். ஃபோமட் செய்ததைவிட அந்தப் பாட்டுகள்தான் எனக்கு அதிக நட்டம் வைத்தன.

காரணம் இதுதான். விரைவு ஃபோமட் கோப்புகளைத் துடைப்பதில்லை. தோட்டத்துச் செக்ரோலை, அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டை, கிழித்துப்போட்டாலும் ஆட்கள் லயத்து வரிசை வீடுகளில்தான் இருப்பார்கள், யார் எந்த வீட்டில் என்ற கணக்கு மட்டுமே போகும். அதற்கு மேல் புதிதாக எதையாவது எழுதினால்தான் அந்த இடத்தில் இருந்தது உண்மையாக அழிகிறது. முழு ஃபோமட் வேறு விஷயம். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுவதும் பூச்சியத்தை எழுதுகிறது, அதற்குப் பிறகு தேடுவதற்கு ஒன்றும் இல்லை. நல்லவேளையாக விரைவு என்ற பெட்டியில் முன்கூட்டியே சரி போட்டிருக்கும், நம்மூர்க் கடைகளில் அதை எடுக்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. உங்களுடையது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை என்றால் இந்த ஆறுதலும் இல்லை. ஃபோமட் செய்ததும் விண்டோஸ் ‘ட்ரிம்’ கட்டளை அனுப்பி அந்த இடங்கள் தேவையில்லை என்று டிஸ்க்குக்கே சொல்லிவிடும். பிறகு மீட்பது அநேகமாக முடியாத காரியம்.

அடுத்து கொழும்பு. பம்பலப்பிட்டிப் பக்கம் தரவு மீட்கும் நிறுவனம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். போயா என்ற பௌர்ணமி நாளில் எனக்கு விடுமுறை என்பதால், அன்று திறந்திருப்பீர்களா என்று தொலைபேசியில் கேட்டேன். "வாருங்கள், ஆள் இருப்பார்" என்றார் ஒரு பெண். முதல் பஸ்ஸில் ஏறி, கினிகத்தேனை வளைவுகளையும் கித்துல்கல மழையையும் கடந்து, அவிசாவளை நெரிசலில் உட்கார்ந்து, போய்ச் சேர்ந்தால் இரும்புக் கதவு இழுத்து மூடியிருந்தது. பக்கத்துக் கடைகளும் மூடியிருந்தன. காவலாளி மட்டும் இரக்கத்தோடு, "இன்றைக்கு போயா அல்லவா?" என்றார். அது எனக்கும் தெரியும் என்று அவரிடம் சொல்லி என்ன பயன்?

பாடசாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது, டிஸ்க் வாங்கிய பில் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்றார்கள். திருட்டு டிஸ்க் இல்லை என்று எப்படித் தெரியும் என்பது அவர்கள் வாதம். பில் என் பையிலேயே இருந்தது. ஆனால் அது சூடுபட்டு அச்சாகும் வழவழப்பான தாள். ஒரு வருடத்தில் எழுத்தெல்லாம் மறைந்து வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. கடையின் பெயர்கூட இல்லை. ஆகவே இந்த வகைப் பில் கிடைத்த அன்றே போட்டோகொப்பி எடுத்துவையுங்கள், டிஸ்க்கின் தொடர் இலக்கத்தையும் அதில் எழுதிவையுங்கள். உத்தரவாதம் கேட்கப் போனாலும் அந்த இலக்கத்தைத்தான் கேட்பார்கள். உத்தரவாதம் டிஸ்க்குக்கு மட்டும், உள்ளே இருப்பதற்கு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். புது டிஸ்க் தருவார்கள், பழையதைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள்.

கெஞ்சியதில் மேலாளர் ஒருவர் வந்து டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். கணினியில் செருகவில்லை. காதில் வைத்துக் கேட்கவும் இல்லை. "தூசியில்லாத அறையில் திறக்க வேண்டும்" என்று சொல்லி, கிட்டத்தட்ட ஒரு புதிய லெப்டொப்பின் விலையைச் சொன்னார். கிடைக்காவிட்டாலும் பரிசோதனைக் கட்டணம் கட்ட வேண்டுமாம். தூசியில்லாத அறை தேவைப்படுவது டிஸ்க்கைப் படிக்கும் தலைப்பகுதி பழுதாகி டிக் டிக் என்று தட்டும்போது, விழுந்து அடிபட்டிருக்கும்போது, சுழலாமல் நிற்கும்போது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிட்டு, காசு இருந்தால் அப்படிப்பட்ட இடத்துக்கே போங்கள், வீட்டில் எதையும் முயலாதீர்கள். என்னுடையது சத்தமில்லாமல் சுழன்றது. ஃபோமட் செய்ததற்கு எதற்கு அறுவைச் சிகிச்சை? திரும்பி வந்துவிட்டேன்.

என்னிடம் படித்து இப்போது கணினித் துறையில் வேலை செய்யும் பையன் ஒருவனிடம் இரவு பேசினேன். "சேர், முழுப் பிரதி எடுக்கும் வரை அதை விண்டோஸ் ஓடும் எந்தக் கொம்பியூட்டரிலும் செருகாதீர்கள். முதலில் பெரிய டிஸ்க் ஒன்று வாங்குங்கள்" என்றான். 1 டிபி டிஸ்க்கின் முழுப் பிரதியை ஒரே கோப்பாக இன்னொரு 1 டிபி டிஸ்க்கில் வைக்க இடம் போதாது. ஆகவே 2 டிபி வாங்கினேன். விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1024 கணக்கில் போடுகிறது. அதனால் 1 டிபி என்பது 931 ஜிபி என்றும், 2 டிபி என்பது 1.81 டிபி என்றும் தெரியும். அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் ‘2 டிபி’ என்று எழுதி நம்பமுடியாத விலைக்கு விற்கும் பென் டிரைவ்களை நம்ப வேண்டாம். பெரிய அளவைக் காட்டும்படி பொய் சொல்லப் பழக்கப்பட்டவை அவற்றில் நிறைய உண்டு. நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச நிரலால் முழுக்க நிரப்பிச் சோதிக்கலாம்.

லினக்ஸ் பென் டிரைவ் தயாரித்து அதிலிருந்து லெப்டொப்பைத் தொடங்கினேன், அதில் சிரமம் இல்லை. பிறகு டிடிரெஸ்கியூ. டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து (செக்டர் என்பது டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) கடைசி வரை அப்படியே நகலெடுக்கும் இலவசக் கருவி. இதில் எது மூலம், எது பிரதி என்பதை மாற்றிக் கொடுத்தால் வெறும் டிஸ்க்கின் வெறுமை உங்கள் பதிவுகளின் மேல் எழுதப்படும், திருப்பி எடுக்க வழியில்லை. பெயரை நம்பாமல் கொள்ளளவையும் தயாரிப்பு இலக்கத்தையும் பார்த்து உறுதிசெய்துவிட்டு, மாணவனுக்குப் படம் எடுத்தும் அனுப்பி, அவன் சரி சொன்ன பிறகே எண்டர் விசையைத் தொட்டேன்.

பாதியில் இடி இடித்தது, மின்சாரம் போனது. என் லெப்டொப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. இங்கேதான் டிடிரெஸ்கியூ என் மனத்தில் இடம் பிடித்தது. அதற்கு வரைபடக் கோப்பு ஒன்றின் பெயரைக் கொடுத்துவைத்தால், எதுவரை படித்தது, எங்கே தடுமாறியது என்பதை அதில் குறித்துக்கொண்டே போகும். மின்சாரம் வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தால் கிட்டத்தட்ட விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தப் பெயரைக் கொடுக்காவிட்டால் முதலிலிருந்துதான். மலைநாட்டில் இருப்பவர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். யுஎஸ்பி 3 துளையில் செருகுவதும் முக்கியம். வினாடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 1 டிபி மூன்று மணித்தியாலத்துக்குள் முடியும். பழைய யுஎஸ்பி 2 துளையில் எட்டு ஒன்பது மணித்தியாலம் போகும், அத்தனை நேரம் எங்கள் ஊரில் மின்சாரம் நிற்பது அபூர்வம்.

முடிவில் சில இடங்களைப் படிக்க முடியவில்லை என்று காட்டியது. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் பார்த்தபோது சி5 என்ற வரிசையில் ‘காத்திருக்கும் செக்டர்’ எண்ணிக்கை ஏறியிருந்தது. அதாவது டிஸ்க் ஏற்கெனவே தளரத் தொடங்கியிருந்தது. கடையில் இருந்தவர்கள் ஒரு நிமிடம் செலவழித்து இதைப் பார்த்திருந்தால் ஃபோமட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியதும் அந்த சி5, அதற்கு மேலே உள்ள 05 ஆகிய இரண்டு வரிகளைத்தான்.

பிரதியின் மேல் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டினேன். தொலைந்த பார்ட்டிஷன்களை, அதாவது டிஸ்க்கின் பிரிவுகளை, தேடித் தரும் கருவி அது. விரைவுத் தேடலில் கடையில் எக்ஸ்ஃபாட் என்ற வேறு கோப்பு முறைமையில் போட்ட பார்ட்டிஷன்தான் வந்தது. மனம் சோர்ந்தது. ஆழமான தேடலைக் கொடுத்ததும், பழைய என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை அதன் காப்புச் செக்டரை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னது. அந்தக் காப்புப் பிரதி பார்ட்டிஷனின் கடைசியில் இருப்பதால் விரைவு ஃபோமட் அதைத் தொட்டிருக்கவில்லை. பி விசையை அழுத்தினேன். கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன: கூத்து, குடியுரிமை, கடிதம். அந்த நேரத்தில் நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த லயத்திலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்.

டெஸ்ட்டிஸ்க்கோடு கூடவே வரும் ஃபோட்டோரெக் என்ற கருவியும் கோப்புகளை எடுத்துத் தரும், ஆனால் பெயரும் கோப்புறையும் இல்லாமல் எண்களாகக் கொட்டும். ஆயிரக்கணக்கான ஸ்கேன்களில் எது யாருடைய கடிதம் என்று மறுபடி பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். அதை இரண்டாவது வழியாக வையுங்கள். இன்னொன்று: மீட்ட கோப்புகளை மூல டிஸ்க்கிலேயே சேமிக்க வேண்டாம்.

பெரும்பாலானவை வந்துவிட்டன. சினிமாப் பாட்டுகள் போய் உட்கார்ந்த இடத்தில் இருந்தவை வரவில்லை. பெயர் இருக்கிறது, திறந்தால் ஒன்றும் இல்லை. அவற்றுள் ஒரு குடும்பத்தின் கடிதங்களை மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம், அவர்கள் எறியவில்லை. ரதியின் ஒப்பாரி முழுவதும் இருந்த ஒரு பதிவு மட்டும் நடுவில் வெட்டுப்பட்டு நிற்கிறது. அந்த வருடம் ரதி வேடம் கட்டியவர் இப்போது வெளிநாட்டில்.

இனி ஃபோமட் செய்வது நானேதான். என் டிஸ்க்கை ஏன் எக்ஸ்ஃபாட் ஆக்கினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், தொலைக்காட்சியிலும் ஓடும் என்ற எண்ணமாக இருக்கலாம். எக்ஸ்ஃபாட்டில் எழுதும் முன் குறித்துவைக்கும் பதிவேடு கிடையாது, என்டிஎஃப்எஸ்ஸில் உண்டு. அது இருந்தும் என்னுடையது கலைந்தது உண்மைதான். ஆனால் நடுவில் மின்சாரம் போனால் எக்ஸ்ஃபாட் அதைவிட எளிதாகக் கலையும். விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் என்டிஎஃப்எஸ்ஸே போடுங்கள். புது 2 டிபியில் ஒரு பிரதி, தலவாக்கலையில் அக்கா வீட்டில் இன்னொரு பிரதி. இரண்டின் முதுகிலும் தேதியை மார்க்கரால் எழுதியிருக்கிறேன்.

பழைய டிஸ்க்குக்கு முழு ஃபோமட் கொடுத்தேன், பார்ட்டிஷன்கள் எங்கே இருக்கின்றன என்று குறிக்கும் அட்டவணையை எம்பிஆர் என்ற பழைய வகையாகவே விட்டேன். சி5 பூச்சியமாகி 05 கொஞ்சம் ஏறியது, கெட்ட செக்டர்களுக்கு மாற்று இடம் ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம். நம்பிக்கை வரவில்லை. பாடசாலைக்குப் பாட வீடியோக்கள் கொண்டுபோக மட்டும் பயன்படுத்துகிறேன். அங்கே இருக்கும் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை உள்ள டிஸ்க்கைப் படிக்காது, எம்பிஆர் என்பதால் இதைப் படிக்கிறது.