சாரணரும் சாரணியரும் ஒரே முகாமில்: கொழும்பில் நடத்திப் பார்த்த விதம்

கலவன் பாடசாலையொன்றின் சாரணர் துருப்பையும், கம்பனி எனப்படும் சாரணியர் குழுவையும் ஒரே மைதானத்தில் இரண்டு இரவு தங்கவைப்பதென்றால், சாரணியர் என்பது சாரணரின் பெண்கள் கிளை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். இலங்கையில் இவை தனித்தனிச் சங்கங்கள். சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது. சாரணியர் இயக்கம் 1917இல் கண்டியில். உலக மட்டத்திலும் இரண்டுக்கும் தாய் அமைப்பு வேறு.

இதில் தமிழ் ஆசிரியர்கள் ஒரு இடத்தில் அடிக்கடி சறுக்குகிறார்கள். இந்தியாவில் பாரத சாரண சாரணியர் என்று இரண்டும் ஒரே அமைப்பு. ஆகவே அங்கிருந்து வரும் தமிழ்க் கையேட்டில் பிரதம சோபான், த்விதிய சோபான், ராஜ்ய புரஸ்கார் என்ற படிகள் இருபாலாருக்கும் பொதுவாக வரும். அவற்றை வைத்து இங்கே பதிவுப் புத்தகம் நிரப்பினால் திரும்பி வரும். இங்கே சாரணனுக்கு அங்கத்துவச் சின்னம், சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது, ஜனாதிபதி சாரணர் விருது என்று ஏணி போகும். சாரணியருக்கு உள்ளது அவர்களுடைய சொந்த ஏணி. முடிச்சுப் போடுவது இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் துருப்பின் பொறுப்பாசிரியர் சாரணியின் சோதனை அட்டையில் கையெழுத்திட முடியாது. முகாமில் ஒன்றாகச் செய்த பயிற்சியையும் அந்தந்தப் பக்கத்தவரே அன்றன்றே பார்த்துக் கையெழுத்திட்டுவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

கடிதங்களும் இரட்டைதான். சாரணர் தலைமையகம் கொம்பனித்தெருவில், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில். சாரணியரின் தலைமையகம் கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தை. த்ரீவீலரில் போனால் பக்கம்தான், ஆனால் ஒன்றுக்குக் கொடுத்த கடிதம் மற்றதற்குப் போய்ச் சேராது. அதிபரின் ஒப்புதல், வலயக் கல்வி அலுவலக அனுமதி, இரு தரப்பு மாவட்ட ஆணையாளர்களுக்கும் அறிவிப்பு, பெற்றோர் சம்மதம் எல்லாவற்றையும் ஆறு வாரம் முன்னதாகத் தொடங்கினால்தான் மூச்சு விடலாம். பெற்றோர் படிவத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தோம்: கடைசி நாள் யார் வந்து கூட்டிப்போவார், எத்தனை மணிக்கு. ஸ்கூல் வேன்காரர் சனி ஞாயிறில் ஓடமாட்டார் என்பது வெள்ளி பின்னேரம்தான் பலருக்கு ஞாபகம் வரும்.

கணக்கு 16 சாரணர், 16 சாரணியர், பெரியவர்கள் 6, மொத்தம் 38. பெரியவர்களில் இரண்டு பேராவது இரவு தங்கும் பெண் பொறுப்பாளர்களாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால், அவர் ஒரு பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோன கணத்தில் முகாமை மூட வேண்டியதுதான். கழிவறையில்தான் பெரும்பாலும் கணக்குப் பிழைக்கும். 16 பெண்களுக்கு இரண்டு கழிவறை என்றால், ஆளுக்கு ஏழு நிமிடம் வைத்தாலும் காலையில் ஒரு மணித்தியாலம் போய்விடும். கொடியேற்றத்துக்கு அவர்கள் பிந்துவார்கள், பழியும் அவர்கள் தலையில் விழும். நான்கு கழிவறை, மூடியுள்ள குப்பை வாளி, பழைய பத்திரிகைத் தாள், வெளிச்சம் உள்ள பாதை. இவ்வளவும் தயாரான பிறகுதான் கூடாரம் எங்கே என்று யோசித்தோம்.

சோறு 38 பேருக்கு ஒரு வேளைக்கு 4 கிலோ அரிசி, பருப்பு ஒன்றரைக் கிலோ. நாலு கிலோவையும் ஒரே பெரிய பானையில் போட்டால் கேஸ் அடுப்பின் சூடு நடுவில் மட்டும் ஏறும்; அடி கருகும், மேலே அரிசி விறைத்து நிற்கும். இரண்டு பானையில் இரண்டு இரண்டு கிலோவாகப் பிரித்தால் அந்தத் தொல்லை இல்லை.

பாடத்திட்டம் இருவருக்கும் திறந்தவெளி வாழ்க்கையைத்தான் சொல்கிறது. ஆனாலும் முகாமில் பெடியன்கள் கம்பும் கயிறும் எடுக்க, பெண் பிள்ளைகள் முதலுதவிப் பெட்டியோடும் அகப்பையோடும் நிற்பார்கள். இந்தப் பிரிவினை பாடத்திட்டத்தில் இல்லை, எங்கள் போன்ற பொறுப்பாளர்களின் பழக்கத்தில் இருக்கிறது. எனவே வேலை அட்டவணையை அணிவாரியாக மாற்றினோம்: முதல் நாள் சாரணியர் கொடிமேடை கட்ட, சாரணர் சமையல், மறுநாள் மாற்றம்.

கொடிமேடைக்கு, இரண்டு கம்பைக் குறுக்காகப் பிணைக்கும் சதுரக் கட்டு போதும். 5 செ.மீ. தடிப்புள்ள இரண்டு கம்புக்கு மூன்றரை மீட்டர் கயிறு. நிமிர்ந்த கம்பில், குறுக்குக் கம்புக்குக் கீழே குளோவ் ஹிட்ச் (கயிற்றைக் கம்பில் பிடிக்கவைக்கும் முடிச்சு) போட்டு, இரண்டு கம்பையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, பிறகு இரண்டு கம்புக்கும் நடுவே இரண்டு சுற்று இழுத்து இறுக்க வேண்டும். பிழைப்பது இந்தக் கடைசி இரண்டு சுற்றில். பெரும்பாலானோர் கயிற்றைக் கையால் இழுக்கிறார்கள்; ஒரு குச்சியில் சுற்றிப் பிடித்து உடம்பைச் சாய்த்து இழுத்தால்தான் இறுகும். நைலோன் கயிறு வழுக்கும், தும்புக் கயிறு பிடிக்கும். ஆனால் இரவு மழையில் நனைந்து காலை வெயிலில் காய்ந்ததும் தளர்ந்துவிடும். ஒக்டோபரில் கொழும்பில் பின்னேர இடிமழை கேட்டா வருகிறது? ஆகவே ஒவ்வொரு காலையும் கட்டைச் சோதிக்க ஒரு அணியை நியமித்தோம்.

விருது விஷயத்தைப் பெற்றோர் பிந்தித்தான் கேட்பார்கள்: ஜனாதிபதி சாரணர் விருதுக்கு 18 வயதுக்கு முன் வேலையெல்லாம் முடிந்திருக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சை வருடத்தை முழுதாக விட்டுவிட்டு உயர்தரத்தில் தொடங்குபவனுக்குக் காலம் போதாது. பின்னோக்கி எண்ணி, முதலாவதான சாரணர் விருதை 9ஆம் தரத்துக்குள் முடிக்கச் சொல்கிறோம்.

கடைசி நாள் வாக்குறுதியை ஒரே குரலில் சொல்ல வைக்க வேண்டாம். இரண்டின் வாசகமும் ஒன்றல்ல, பாதியில் தடுமாறும். சாரணர் சொல்லி முடிக்க, சாரணியர் தொடங்கட்டும். கூடாரத்தை ஈரத்தோடு மடித்துக் களஞ்சியத்தில் வைத்தால் இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மடித்தாலும், திங்கள் பாடசாலை விட்டதும் அதை விரித்துக் காயவைக்கும் அணியின் பெயரை அப்போதே எழுதிவிடுங்கள்.