ஆறு வெள்ளைக் கோப்பைகள்

"தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி யன்றே." யாழ்ப்பாணத்தில் நம் கல்லூரியின் பத்தாம் வகுப்பு இலக்கணப் பாடத்தில் நம் தமிழாசிரியர் இந்த நன்னூல் நூற்பாவை இரண்டு முறை இராகத்தோடு சொல்லி, மூன்றாம் முறை எங்களைச் சொல்ல வைத்தார். பிறருக்குத் தோன்றாத நுட்பங்களைத் தோற்றுவித்து, பல துறைகளையும் கற்று முடித்தவனாக இருந்தாலும், தன்னைத் தானே புகழ்வது தகாது. பரீட்சைக்கு மட்டுமான பாடமாக அது இருக்கவில்லை. பரிசளிப்பு விழாவில் வாங்கிய புத்தகத்தோடு வீட்டுக்குப் போனால், "கண்படும், உள்ளே கொண்டுபோய் வை" என்பார் அம்மா. என்னைப் பற்றி நல்லது சொல்ல வேண்டிய இடங்களில் அப்பா சொல்வார், மாமா சொல்வார். வேலைக்கு விண்ணப்பித்தபோது கல்லூரி அதிபர் தந்த நற்சான்றிதழ் சொன்னது. நான் பக்கத்தில் நின்றால் போதும்.

1992 இல் ரொறன்ரோவில் எனக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

அந்த ஆண்டு கனடாவில் வேலையற்றோர் விகிதம் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஊரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த நான், ஸ்காபரோவில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீர், உணவு மாதிரிகளைச் சோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலைக்கு அழைப்பு வந்தபோது, நண்பரின் கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். பிறந்த ஊர், தந்தையின் தொழில், படித்த கல்லூரி, பயிற்சி பெற்ற ஆண்டு என்று ஒழுங்காகச் சொன்னேன். வேலையில் சந்தித்த ஒரு நெருக்கடியைப் பற்றிக் கேட்டார்கள். "போர்க்காலத்தில் நாங்கள் முகாம்களின் கிணறுகளுக்குக் குளோரின் இட்டோம்" என்றேன். "நாங்கள் என்றால் யார்?" "எங்கள் பணிமனை." "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" "எனக்குத் தந்த கடமையைச் செய்தேன்." கேட்டவர் பேனாவை மூடி வைத்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கனேடிய அனுபவம் போதாது என்று இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது.

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான். 1990 இல், யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டிய தீவுகளான தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் நம் கல்லூரியின் வகுப்பறைகளில் தங்கியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் குடிக்க இருந்தவை வளாகத்தின் இரண்டு கிணறுகள். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல். மலக்குழியில் இறங்குவது கிணற்றுக்கு வந்துசேர நாளெடுக்காது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, மருந்துகளுக்கும் தட்டுப்பாடு. எங்களிடம் இருந்த வெளிற்றும் தூளோ (பிளீச்சிங் பவுடர்) வெயிலில் கிடந்து வீரியம் குறைந்தது. புதிய தூளில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் குளோரின் இருக்கும். பழைய தூளில் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குறைத்துப் போட்டால் வாந்திபேதி வரும். கூட்டிப் போட்டால் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி நாறும். மக்கள் சோதிக்காத வேறு கிணறுகளைத் தேடிப் போய்விடுவார்கள்.

அதற்கு ஹொரொக்ஸ் சோதனை என்று ஒன்று உண்டு. கறுப்புக் கோப்பையில் ஒரு கரண்டி தூளைக் கரைத்து, கிணற்று நீர் நிறைத்த ஆறு வெள்ளைக் கோப்பைகளில் முதலாவதற்கு ஒரு துளி, இரண்டாவதற்கு இரண்டு துளி என்று விட வேண்டும். அரை மணி நேரம் பொறுத்து மாப்பொருள் அயடைட்டுக் கரைசலைச் சேர்த்தால், குளோரின் எஞ்சியிருக்கும் கோப்பை நீலமாகும். நீலம் தெளிவாகத் தெரியும் முதற் கோப்பை எத்தனையாவதோ, 455 லீற்றர் நீருக்கு அத்தனை கரண்டி. ஒவ்வொரு நாளும் மாலையில் கல்லூரி மண்டபத்து வாங்கில் அந்தக் கோப்பைகளை நான்தான் வரிசையாக வைத்தேன். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீரின் ஆழத்தை நான்தான் அளந்தேன். கிணற்றின் விட்டத்தையும் ஆழத்தையும் கொண்டு கனவளவு கணித்து, தூளை நிறுத்துப் போட்டதும் நான்தான். நான் அங்கிருந்த மாதங்களில் அந்த முகாமில் வாந்திபேதி பரவவில்லை.

பாத்திரம் கழுவி வந்த பணத்தில் வீட்டு வாடகை கட்டிக்கொண்டு, வேலை தேடுவோருக்கான பயிற்சிக் குழு ஒன்றில் சேர்ந்தேன். இத்தகைய குழுக்களை 1970களில் அமெரிக்க உளவியலாளர் நேதன் அஸ்ரின் வகுத்தார். வேலை தேடுவதையே முழுநேர வேலையாக்கி, பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு பழகுவது அதன் முறை. எங்களை வழிநடத்திய அம்மையார் என் கிணற்றுக் கதையை முழுவதும் கேட்டார். பிறகு என் தாளை வாங்கி, 'நாங்கள்' என்று வந்த இடங்களையெல்லாம் சிவப்பால் வட்டமிட்டார். "இவற்றில் எதையெல்லாம் உங்கள் கையால் செய்தீர்களோ, அங்கே 'நான்' என்று எழுதுங்கள். செய்யாததை மாற்ற வேண்டாம்." நடந்த நிலைமை, என் பொறுப்பு, நான் செய்தது, அதனால் விளைந்தது என்ற வரிசையில் எழுதச் சொன்னார். எனக்கு அது மிகவும் வலித்தது. அப்படி எழுதினால் என்னோடு வெயிலில் நின்ற சிற்றூழியரையும் தண்ணீர் அள்ளித் தந்த பிள்ளைகளையும் ஏமாற்றுவது போலிருந்தது.

அன்றிரவு கடைசி பஸ்ஸில் வரும்போது நன்னூலின் அடுத்த நூற்பா நினைவுக்கு வந்தது. ஆசிரியர் அதையும் நடத்தியிருந்தார். பதினைந்து ஆண்டுகளாக முதலாவதை மட்டுமே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

"மன்னுடை மன்றத் தோலைத் தூக்கினும்
தன்னுடை யாற்ற லுணரா ரிடையினும்
மன்னிய வவையிடை வெல்லுறு பொழுதினும்
தன்னை மறுதலை பழித்த காலையும்
தன்னைப் புகழ்தலுந் தகும்புல வோற்கே."

அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வெல்ல வேண்டிய வேளையிலும், எதிராளி பழித்தபோதும் தன்னைப் புகழ்வது தகும். ஓலை என்பது விண்ணப்பம். அறியாதவர் நடுவே இருப்பது நேர்முகப் பரீட்சை. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அந்த அறைக்குள் என்னை அனுமதித்திருந்தார்! நம் ஆறுமுக நாவலர் பெருமான் காண்டிகையுரை எழுதி ஊருக்கெல்லாம் படிப்பித்த நூல் அது. அந்த பஸ்ஸில் எனக்கு வந்த ஆறுதலை இன்றும் உணர்கிறேன்.

நான்கு மாதங்களின் பின் வேறோர் ஆய்வுகூடத்தில் ஆறு கோப்பைகளையும் மேசையில் விரலால் வரிசைப்படுத்திக் காட்டினேன். சிற்றூழியரையும் பிள்ளைகளையும் பற்றியும் சொன்னேன், அவரவர் செய்ததை அவரவர் பெயரில். இரவுநேர வேலை கிடைத்தது.

2000 மே மாதத்தில் ஒன்ராறியோவின் வோக்கர்ட்டன் ஊரில் குடிநீரில் ஈகோலை பக்டீரியா கலந்து ஏழு பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அதன் பிறகு மாகாணத்தில் நீர்ச் சோதனை விதிகள் இறுகின, ஆட்கள் தேவைப்பட்டார்கள். நான் மேசையின் மறுபுறத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் தேர்வு நடக்கும் விதம் புரிந்தது. வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்போம். ஒவ்வொரு விடையையும் எழுதிக்கொண்டு தனித்தனியே புள்ளி இடுவோம். "ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பது வேண்டுமென்றே கேட்பது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜோன் ஃபிளனகன், பொதுவான கருத்துகளை விட்டு, நடந்த குறிப்பிட்ட நிகழ்ச்சிகளைத் திரட்டினார். அந்த முறையை 1954 இல் வெளியிட்டார். இன்றைய கேள்விகளின் வேர் அங்கே இருக்கிறது. ஆகவே "நான் கடின உழைப்பாளி" என்ற விடைக்கு எழுதிக்கொள்ள எதுவும் கிடைக்காது. செய்கை காட்டாமல் விடை மட்டும் எழுதினால் புள்ளி இல்லை என்று நம் கணித ஆசிரியர் சொல்வாரே, அதே கதைதான்.

நம் பிள்ளைகள் வந்தார்கள். தகுதி உள்ள பிள்ளைகள். ஒருவர், முழு ஆய்வுகூடத்தையும் ஒழுங்குபடுத்தியவர், "எல்லோரும் சேர்ந்து செய்தோம்" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நான் மூன்று முறை துருவிக் கேட்டேன். நான்காம் முறை கேட்டால் மற்றவர்களுக்கு அநீதி. சொல்லாததற்கு நான் எப்படிப் புள்ளி போடுவது? அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை.

2013 இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு, கனேடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது மேலோட்டப் பார்வைக்கே பாரபட்சம் என்று கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அதைக் கேட்பதற்குச் சட்டத் தடை வந்துவிட்டது. எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத கதவு இது. ஆனால் உள்ளே போனபின் வாயைத் திறக்க வேண்டியவர் அவரவர்தான். இதைத் 'தன்னை விற்பது' என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. நம் பழைய மாணவர் சங்கத்தின் இளையோர் பட்டறையில் ஒவ்வொருவரிடமும் ஐந்தாறு உண்மைச் சம்பவங்களை அளவுகளோடு எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொல்கிறேன். கண்ணாடி முன்னால் சொல்வதைவிட, ஊர்க்கதை தெரியாத ஒருவர் முன்னால் சொல்வது நல்லது. விளங்காத இடத்தில் அவர் நிறுத்திக் கேட்பார்.

2011 இல் ஊருக்குப் போனபோது தமிழாசிரியரைப் பார்க்கப் போனேன். பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டார். திண்ணையில் அயலவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். "கனடாவில் என்ன வேலை, தம்பி?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நான் வாயெடுக்கும் முன் ஆசிரியர் கையை உயர்த்தினார்.

"இவரை உங்களுக்குத் தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் மண்டபத்தில் ஒவ்வொரு பின்னேரமும் ஆறு வெள்ளைக் கோப்பைகளை வைத்துக்கொண்டு, அரை மணித்தியாலம் அசையாமல் இருப்பார். நான் தூணடியில் நின்று பார்ப்பேன். நீலம் வந்த பிறகுதான் எழும்புவார்."

நான் தலைகுனிந்து பக்கத்தில் நின்றேன்.