முழு நைட்டில் சொல்லிக்கொடுத்த கலர்

பல்லடம் பக்கம் ஒரு நூல்மில்லில் பதினோரு வருஷம் ரிங் பிரேம் (நூல் நூற்கும் மெஷின்) சூப்பர்வைசராக இருந்தேன். வாரம் ஒருமுறை சிப்ட் மாறும்: பகல், அரை நைட், முழு நைட். புதுப் பிள்ளைகளைப் பழக்குவதை நாங்கள் முழு நைட்டில்தான் வைத்துக்கொள்வோம். பெரிய ஆபீசர்கள் யாரும் இருக்கமாட்டார்கள், அவசரமில்லாமல் ஒரு பிரேமை ஒதுக்கித் தரலாம் என்று.

அப்படி வந்த பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி. அறுந்த நூலைப் பிணைக்க மூன்றே நாளில் கை பழகிவிட்டது. ஆனால் எந்த கவுண்டுக்கு (நூல் எவ்வளவு மெல்லிசு என்கிற நம்பர்) எந்தக் கலர் பாபின் (நூல் சுற்றும் குழல்) என்பது மட்டும் மனசில் நிற்கவே இல்லை. விடியற்காலை நாலு மணிக்குச் சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள், மறுநாள் ராத்திரி வந்து கேட்டால் முழிப்பாள். ஒருநாள் நாற்பதாம் கவுண்டோடு அறுபது கலந்துபோய், திருப்பூரிலிருந்து பனியன் துணியில் பட்டை விழுகிறது என்று நூல் திரும்பி வந்தது. "ஏன் அம்மிணி, எத்தனை தடவைதான் சொல்றது?" என்று கத்தினேன். "பகல்ல தூங்கவே முடியலைங்க சார், வீட்டுச் செவுத்துக்கு அந்தப் பக்கம் தறி ஓடுதுங்க" என்றாள். நான் ரிப்போர்ட்டில் கவனக்குறைவு என்று எழுதினேன். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

கணக்கு முடித்த பணத்தைக் கொடுக்கப் போனபோதுதான் அந்த லைன் வீட்டைப் பார்த்தேன். பகல் பதினொரு மணி, தகரக் கூரை, பக்கத்தில் விசைத்தறி சத்தம், நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

மில்லை விட்டு வந்த பிறகு எனக்கே தூக்கம் கெட்டுப்போய், அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுவும் இருக்கிறது, எது எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. 2004-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கியாரா சிரெல்லியும் ஜூலியோ டொனோனியும் எலிகளின் மூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கில்) சுமார் 15,000 மரபணுக்களைப் பார்த்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்று பகலுக்கும் ராத்திரிக்கும் மாறுகிறது. அதில் பாதி மாறுவதற்குக் காரணம் நேரம் இல்லை, எலி தூங்கியதா விழித்திருந்ததா என்பதுதான். விழித்திருக்கும்போது சக்தி செலவோடும் அழுத்தத்தோடும் சம்பந்தப்பட்டவை முடுக்கிவிடப்படுகின்றன, தூங்கும்போது புரதம் செய்யும் வேலையோடு சம்பந்தப்பட்டவை.

அந்தப் புரத வேலைதான் என்னை உலுக்கியது. ஹிப்போகாம்பஸ் என்று மூளையில் ஓர் இடம் இருக்கிறது. எது எங்கே, எதற்கு எது என்கிற மாதிரிப் புது விஷயங்கள் பதிவதற்கு அது வேண்டும். சுண்டெலிக்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஐந்து மணி நேரம் தூங்கவிடாமல் வைத்தால் அங்கே புரத உற்பத்தி குறைகிறது, கற்றது நிற்பதில்லை. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்த இடத்து நரம்புச் செல்களில் மட்டும் புரத உற்பத்தியைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். தூக்கம் கெட்டும் அந்தச் சுண்டெலிகள் மறக்கவில்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்தப் பெண் முகம்தான் வந்தது. அவள் கவனித்தாள், கேட்டதைத் திருப்பிச் சொன்னாள், அதைப் பதித்து வைக்கும் வேலைக்குத்தான் மூளைக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

மனுஷனில் இதை நேராகப் பார்ப்பது கஷ்டம், உயிரோடு இருப்பவர் மூளையை எடுத்துப் பார்க்க முடியாது இல்லையா. 2013-இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 26 பேரை ஒரு வாரம் ராத்திரிக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கவைத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். 711 மரபணுக்களின் வேலை மாறியிருந்தது. ஒரே வாரத்தில்! எங்கள் ஆட்கள் வருஷக்கணக்கில் செய்கிறார்கள்.

இப்போது வேறொரு மில்லில் இருக்கிறேன். புதுப் பிள்ளைகளைப் பகல் சிப்டில்தான் பழக்குகிறேன். முழு நைட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது, "பகல்ல எத்தனை மணி நேரம் படுத்தே கண்ணு?" தூங்காத பிள்ளைக்கு அன்றைக்குப் புதுசாக எதுவும் சொல்வதில்லை. ஹாஸ்டலில் முழு நைட் பிள்ளைகளுக்கு மட்டும் தறிச் சத்தம் எட்டாத பின்பக்க ரூமும், ஜன்னலுக்குக் கறுப்புத் திரையும் கேட்டிருக்கிறேன். திரை வந்துவிட்டது, ரூம் இன்னும் வரவில்லை.