செருப்பு ஆர்க்கிட் விதையிலிருந்து: குடுவையில் இலை வந்தாச்சு

டொராண்டோ வீட்டு பேஸ்மென்ட்டில் எல்.இ.டி. விளக்கின் கீழ் இருக்கும் பாஃபியோபெடிலம் (செருப்பு ஆர்க்கிட்) குடுவைகளில், நாற்றுகளைப் புது ஊடகத்துக்கு மாற்றும் இரண்டாவது இடமாற்றம் முடிந்து இலை விட ஆரம்பித்துவிட்டது. இதுவரை செய்ததை எழுதி வைத்தால் வேறு யாருக்காவது உதவும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். கடையில் கிடைக்கும் ஃபலனாப்ஸிஸ் ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் திசு வளர்ப்பில் எடுத்த நகல்கள். செருப்பு ஆர்க்கிட்டில் அந்த வழி அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. தூரைப் பிரித்து வைக்கலாம், அது வருஷக்கணக்கில் ஆகும், இல்லையென்றால் விதைதான். காட்டிலிருந்து பிடுங்கி விற்பது இவ்வளவு காலம் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அகத்தியமலைப் பக்கம் மட்டுமே வளரும் மஞ்சள் பூ ‘ட்ரூரியை’ என்ற செருப்பு ஆர்க்கிட் வகை, 1865-இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தது, அழிவின் விளிம்புக்குப் போனதில் சேகரிப்பாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நினைத்தால் மனசு ஆறவில்லை. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: அங்கே செருப்பு ஆர்க்கிட் இனம் முழுவதும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வளர்க்க முடியாது.

நான் எடுத்தது மாடியே வகை. கலோசம், லாரன்சியானம் என்ற இரண்டு காட்டு வகைகளையும் சேர்த்து 1900-இல் வந்த கலப்பு, வீட்டுச் சூட்டிலும் குறைந்த வெளிச்சத்திலும் நன்றாக வளரும். தாய்ச்செடி பச்சையும் வெள்ளையுமான பூ, மகரந்தம் கருஞ்சிவப்புப் பூவிலிருந்து. பூவின் செருப்பு மாதிரியான பையை வெட்டி எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும்: இரண்டு பக்கமும் பசை மாதிரி மகரந்தம், நடுவில் கீழ் நோக்கிய சூல்முடி. பல்குச்சியால் எடுத்துத் தடவினால் போதும். தேதியும் பெற்றோர் பெயரும் எழுதிய சீட்டை அப்போதே காம்பில் கட்டிவிட வேண்டும்.

எல்லாம் காயை எப்போது திறக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு இல்லை, காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற தாவரவியலாளர் சர்க்கரை சேர்த்த அகரில் (கடற்பாசி ஜெல்லி) பூஞ்சை இல்லாமலே முளைக்கவைத்துக் காட்டினார், நாம் செய்வதும் அதே முறைதான். ஆனால் பாஃபியோபெடிலம் விதை முற்ற முற்ற உறை இறுகித் தண்ணீரை உள்ளே விடாது, முளைப்பும் குறைந்துவிடும். அதனால் காய் வெடிக்கும் முன், பச்சையாக இருக்கும்போதே பறித்தேன். காயின் வெளிப்புறத்தைச் சோப்பில் கழுவி, பிளீச்சில் ஊறவைத்து, ஆல்கஹாலில் நனைத்துத் தீயில் காட்டி, காற்று அசையாத பெட்டிக்குள் வைத்து வெட்டினேன். கொஞ்சம் விதையை மலிவு மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் நிறைய உறைகள் வெறுமையாக இருந்தன, நடுவில் கரு உள்ளவை குறைவு. இந்த இனத்தில் குரோமோசோம் எண்ணிக்கை 26 முதல் 42 வரை வகைக்கு வகை மாறும், கலப்புகளைத் திரும்பக் கலக்கும்போது பொருந்தாமல் போவது சகஜம். கரு இருக்கிறதா என்று பார்க்காமல் விதைக்கவே வேண்டாம், ஊடகம் (விதைக்கும் சத்து ஜெல்லி)தான் வீணாகும்.

ஊடகம்: வழக்கத்தில் பாதிக்கும் குறைந்த சத்து உப்புகள், லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை, 7 கிராம் அகர், கொஞ்சம் கரித்தூள். பிரஷர் குக்கரில் 20 நிமிஷம், 15 பி.எஸ்.ஐ. அழுத்தம், அவ்வளவுதான். ஜாம் பாட்டில் மூடியில் துளை போட்டு மைக்ரோபோர் டேப் (காயத்துக்கு ஒட்டும் காகித டேப்) ஒட்டினால் காற்று போகும், பூஞ்சை வராது. அப்படியும் சில பாட்டில்கள் பஞ்சு பிடித்தன. பார்த்தவுடன் திறக்காமல் குக்கரில் போட்டுவிட வேண்டும்.

விதைத்த பிறகு இருட்டு. இந்த வகை விதைக்கு வெளிச்சம் ஆகாது, அலமாரிக்குள் துணி போர்த்தி மாதக்கணக்கில் விட்டேன். கசகசா அளவு வெள்ளை உருண்டைகள் வந்த பிறகுதான் வெளியே எடுத்து, புது ஊடகத்துக்கு மாற்றினேன். பழைய அகர் பழுப்பாகிவிட்டால் தாமதிக்கக் கூடாது, நாற்றுகளே விடும் கசிவு அவற்றையே கெடுக்கும்.

இப்போது இரண்டு இலை உள்ளவற்றைப் பாட்டிலோடு தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், இலையின் அடியில், தண்டோடு சேரும் இடத்தில், ஊதாப் புள்ளிகள். தாய்ச்செடியின் இலையடியில் ஒரு பொட்டு ஊதாகூடக் கிடையாது. அதாவது கலப்பு பிடித்திருக்கிறது, தாயின் சொந்த மகரந்தம் புகுந்த விதை இல்லை! நிறமில்லாமை ஒடுங்கு பண்பு (தாய், தந்தை இரண்டிலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்) என்பதால் இந்தத் தலைமுறை எல்லாமே நிறமுள்ள பூவாகத்தான் வரும். இவற்றில் உருவம் நல்லதாக உள்ள இரண்டை மறுபடி சேர்த்தால் அடுத்த தலைமுறையில் கொஞ்சம் பச்சைப் பூக்கள் வெளிவரும். எனக்கு வேண்டியது அகலமான மேலிதழுள்ள அந்தப் பச்சைதான்.

அடுத்து, வேர் பாட்டிலின் அடியைத் தொட்டதும் எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அகரைக் கழுவி, நுண்ணிய மரப்பட்டையும் பெர்லைட்டும் கலந்த ஒரே தொட்டியில் கூட்டமாக நடப்போகிறேன். தண்ணீர் சேர்த்துவைக்கும் தண்டு இந்தச் செடிக்கு இல்லை, காயவிடக் கூடாது. மேலே மூடி போட்டு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பேன். பூக்க இன்னும் மூன்று நாலு வருஷமாவது ஆகும். அதுவரை தொட்டி மாற்றும்போதெல்லாம் வேரின் நிலையை இங்கே எழுதுகிறேன்.