ஒரு கிளிப் குறைவு

செப்டம்பர் 24, 2024

கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்த பெட்டியில் நாங்கள் செய்த ஒரே ஒரு ஹேண்ட் பிரேக் லீவர். சக்கரத்து டிரம்முக்குள் பிரேக் ஷூவில் மாட்டுவது, ஹேண்ட் பிரேக் கேபிள் இழுப்பது இதைத்தான். அதன் பின் கழலாமல் பிடிக்கிற சி கிளிப் இல்லை. பின்னில் கிளிப் உட்காரும் பள்ளம் மட்டும் பளபளவென்று தெரிகிறது. போட மறந்தோமா, போட்டு விழுந்ததா? சாயங்காலம் வரை இதே கேள்விதான். மருதமலை அடிவாரத்தில் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் கண்முன் வந்துபோனார்கள்.

செப்டம்பர் 25

ஆஸ்பத்திரியில் அப்பா இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். விரல் மூடவில்லை.

செப்டம்பர் 27

கிளிப் கிடைத்துவிட்டது. பெட்டிக்குள் அட்டை மடிப்பில், இரண்டு துண்டாக.

அசெம்பிளி அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாம் போட்டதுதானுங் தம்பி, மறக்கலீங்க" என்று சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. முதல் நாளே நான் அவரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும்.

லென்ஸில் பார்த்தேன். வளைந்து உடைந்த அடையாளமே இல்லை. முறிந்த இடம் மணல்மணலாக இருக்கிறது. ஸ்பிரிங் ஸ்டீலை ஆசிட்டில் கழுவி ஜிங்க் பிளேட்டிங் போடும்போது உள்ளே ஹைட்ரஜன் ஏறும். சூட்டோடு சூடாக, சில மணி நேரத்துக்குள் ஓவனில் 200 டிகிரிவாக்கில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். விட்டால் மாட்டும்போது ஒன்றும் ஆகாது, இன்ஸ்பெக்‌ஷனிலும் தேறிவிடும். ஒரு நாளோ ரெண்டு நாளோ கழித்து, யாரும் தொடாமலே, தானாகத் தெறிக்கும். பிளேட்டிங்காரரிடம் கேட்டேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை, மறுநாள்தான் சுட்டோம் என்றார்.

செப்டம்பர் 28

தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாகங்களைக் குறைத்து வடிவமைக்க வழி சொன்ன பூத்ராய்டும் டியூஹர்ஸ்டும் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து மூன்று கேள்வி கேட்கச் சொல்வார்கள். மற்ற பாகத்தைவிட்டுத் தனியாக இது அசைய வேண்டுமா? வேறு உலோகத்தில்தான் இருந்தாக வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் மற்றதை மாட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது தனிப் பாகமாக இருக்கத் தேவையில்லை. காலேஜில் பரீட்சைக்காகப் படித்தது.

லீவர்: அசைய வேண்டும், இருக்கட்டும். வேவ் வாஷர்: கடகடவென்று ஆடாமல் பிடிக்கும் ஸ்பிரிங், இருக்கட்டும். பின்னை லீவரோடு ரிவெட் அடித்து ஒன்றாக்கித்தான் கொடுக்கிறோம். கிளிப்? பின் கழன்றுவிடாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதற்காக ஒரு பாகம், ஒரு பிளேட்டிங், ஒரு ஓவன், ஒரு பிளையர், அக்காவின் பெருவிரல் காய்ப்பு.

செப்டம்பர் 30

டிரம்மில் உரசி வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூவை, அதன் பின்னால் இருக்கும் பேக் பிளேட் தகட்டோடு பிடிக்கிற ஹோல்ட் டவுன் பின்! அழுத்தி, கால் சுற்றுத் திருப்பினால் கப்பில் பூட்டிக்கொள்கிறது. வருஷக்கணக்காக எங்கள் டேபிள் மேலேயே கிடக்கிறது. குண்டு பல்பு மாட்டுவதும் இதே மாதிரிதானே?

அக்டோபர் 2

லீவு. அட்டையில் வெட்டிப் பார்த்தேன். பின் நுனி வட்டமாக இல்லாமல் சுத்தியல் தலை மாதிரி நீண்டிருக்கும். ஷூவின் வெப் தகட்டில் அதே வடிவத்தில் துவாரம். லீவரைக் குறுக்கே வைத்து நுழைத்து, வாஷரை அழுத்தியபடி திருப்பினால் பூட்டு. கழற்றவும் அதே வழி.

லீவரில் இருக்கும் சின்ன வளைவை எடுத்துவிட்டால் இன்னொன்றும் நடக்கும். பின்னை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறோம் என்பதுதான் இடது, வலது லீவருக்குள்ள வித்தியாசம். லீவரை அடித்தெடுக்க இரண்டு டை (அச்சு) இருந்த இடத்தில் ஒரே டை. அம்மா காபியை வைத்துவிட்டு, "அட்டையை வெச்சுக்கிட்டு என்ன கண்ணு விளையாட்டு" என்றார்.

அக்டோபர் 4

கேபிள் அறுந்தால்?

அக்டோபர் 5

அறுந்தால் லீவர் எதுவரை போகும்? காலையிலிருந்து இதே வெசனம். தொண்ணூறு டிகிரி வந்துவிட்டால் பின் துவாரத்துக்கு நேராகிவிடும், லீவர் கையோடு கழன்றுவிடும். பழைய ஷூ ஒன்றை வைஸில் பிடித்து, லீவரைத் தளர்த்திவிட்டு அளந்தேன். வெப் விளிம்பில் இருக்கும் முட்டு 34 டிகிரியில் தடுத்துவிடுகிறது. பத்து ஷூ எடுத்து அளந்தேன். அதிகபட்சம் 35. டிரம் மாட்டியிருக்கும்வரை 90 வர வழியே இல்லை. டிரம்மைக் கழற்றிவிட்டு மெக்கானிக் லீவரைத் தூக்கித் திருப்பினால்தான் வரும், அதுதான் நமக்கும் வேண்டும்.

இருந்தாலும் துவாரத்தின் மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். மூலையை வளைவாக்கி ஆரம் கொடுத்தாயிற்று. துவாரம் அடிக்கிற பஞ்ச் மழுங்கினால் அந்த ஆரம் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன்.

அக்டோபர் 8

12 சாம்பிள் அனுப்பினோம். டிராயிங்கை மாற்ற நமக்கு அதிகாரம் கிடையாது. கஸ்டமர் சோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை பழைய லீவர்தான், பழைய கிளிப்தான். பிளேட்டிங்காரர் ஓவனில் சுட்டதைக் காட்டும் சார்ட்டை இனி லாட்டுக்கு லாட்டு நானே நேரில் போய்ப் பார்க்கிறேன்.

கிளிப்பை எண்ணிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மாட்ட ஆரம்பிக்கச் சொன்னேன். மீதி இருந்தால் ஏதோ ஒன்றில் விட்டுப்போச்சு என்று அர்த்தம். ஜப்பானிய என்ஜினியர் ஷிகேயோ ஷிங்கோ 1961ல் ஒரு ஸ்விட்ச் கம்பெனியில் செய்ததும் இதேதான். இரண்டு ஸ்பிரிங்கை முதலில் தட்டில் எடுத்து வை, அப்புறம் மாட்டு. அதற்கு முதலில் 'முட்டாள் தடுப்பு' என்ற பொருளில் பேர் வைத்திருந்தார். ஒரு தொழிலாளிப் பெண் அதைக் கேட்டு அழுததால் பேரையே 'தவறு தடுப்பு' என்று மாற்றினார். அதைப் படித்ததிலிருந்து அக்கா சாப்பிடாத மூன்று நாளும்தான் மனதில் ஓடுகிறது.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. லேத்துக்குப் பொட்டு வைத்தோம். அப்பா இல்லாத முதல் பூஜை. பொரிகடலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி போனேன். ஒரு சாம்பிளையும் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்ப்பா, இதைப் பாருங்க."

வலது கையில் லீவரை வாங்கினார். ஷூவை மடியில் வைத்து நுழைத்தார். அழுத்தித் திருப்பப் பார்த்தால் ஷூ நழுவுகிறது. இடது கை எழும்பவில்லை. மூன்று தடவை. நான் பிடிக்கப் போனேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் குழறிக் குழறிச் சொன்னார்: "புடிக்க... ஒண்ணு... வேணும்."

முதலில் புரியவில்லை. ஃபிக்‌ஸ்சர்! ஷூவைப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால், ஒற்றைக் கையே போதும்.

அக்டோபர் 14

நைலான் கட்டையில் ஷூ வடிவத்துக்குப் பள்ளம் எடுத்து, டேபிளில் போல்ட் போட்டாயிற்று. இடது ஷூவும் உட்காரும், வலது ஷூவும் உட்காரும். தப்பான பக்கத்துப் பின் வந்தால் வாஷர் ஒரு மேட்டில் இடித்து, திருப்பவே விடாது. அக்கா பிளையர் இல்லாமல் மாட்டினார். கிளிப்போடு 22 நொடி பிடித்தது, இப்போது 9. ஒன்று மாட்டியதும் பெருவிரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அக்டோபர் 15

மழை. போன் வரவில்லை.

அக்டோபர் 17

கஸ்டமர் பேசினார். டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறதாம். இன்னும் எதுவும் உடையவில்லையாம். 'இன்னும்' என்று ஏன் சொன்னார்?

அக்டோபர் 19

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஒறம்பரை நிறைய. எல்லோரும் போன பிறகு இரண்டாவது நைலான் கட்டையை அவர் கட்டில் பக்கத்து டேபிளில் இறுக்கினேன். பன்னிரண்டு லீவர் மாட்டினார். பன்னிரண்டையும் கழற்றினார். பதின்மூன்றாவதுக்கு இடது கையை ஷூமேல் கொண்டுபோய் வைத்தார்.

அக்டோபர் 21

பஞ்ச் மழுங்கியிருக்கிறதா என்று நாளைக்குப் பார்க்கணும்.